உம் கொட்டும் பிள்ளை

வாசிகசாலை முற்றத்தில் மாலைக் கதை நடக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளையொன்று தூணோரம் ஒதுங்கி நிற்கிறது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டு இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலரும் இவ்வாறு அயலூர் முற்றங்களில் நின்றவர்களே. அத்தகைய பிள்ளையை அழைத்துப் பலர் முன்னிலையிற் பெயரும் ஊரும் கேட்பது, நல்லெண்ணத்தாற் செய்யப்படினும், கூச்சத்தையே வளர்க்கும்.

தமிழர் கதை மரபில் இதற்கு எளிய வழியொன்று உண்டு: கேட்போர் உம் கொட்டுதல். 'உம்' நின்றாற் கதையும் நிற்கும். அவ்வோர் ஒலிக்குப் பேச்சுவன்மை வேண்டுவதில்லை. உச்சரிப்பு வேறென்று எவரும் நகைக்கவும் இயலாது. எல்லாரோடும் கூடி உம் கொட்டும் பிள்ளை, சில நாளிற் பாயின் நடுவே வந்தமர்வதுண்டு.

பாட்டி வடை சுட்ட கதை ஊருக்கூர் வேறுபடுவதன்றோ? "உங்கள் ஊர்க் காகம் என்ன செய்தது?" என்று அப்போது வினவலாம். அப்பிள்ளையின் காகம் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடக்கூடும். அன்று ஊர்ப்பிள்ளைகள் அதற்கு உம் கொட்டுவார்கள்.