சக்கரம் சுற்றும் மீட்டர் முதல் ஸ்மார்ட் மீட்டர் வரை: எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம்?

மதுரை மாசி வீதிகளின் பழைய வீடுகளில் இருந்தவர்களுக்குச் சக்கரம் சுற்றும் மின்மீட்டர் நினைவிருக்கும். அதன் இடத்தில் எலெக்ட்ரானிக் மீட்டர் வந்தது. அடுத்து வரப்போவது ஸ்மார்ட் மீட்டர். சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் முன்னோட்டமாகப் பொருத்தியும் பார்த்துவிட்டார்கள்.

பழைய மீட்டரில் என்ன குறை?

கரன்ட் ஓடினால் அலுமினியத் தட்டு சுற்றும். எத்தனை சுற்றுக்கு ஒரு யூனிட் என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் சக்கரம் சுத்துதா என்று யாரும் பார்த்துவிடலாம். ஆனால் தேய்மானத்தால் சுற்று மந்தமாகும். காந்தம் வைத்தும் ஏமாற்றலாம்.

எலெக்ட்ரானிக் மீட்டர் துல்லியமானதா?

பொதுவாக ஆமாம், ஆனால் எப்போதும் இல்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 மீட்டர்களைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். டிம்மருடன் எல்.இ.டி. பல்பு எரிந்தபோது 5 மீட்டர்கள் கூடுதலாகக் காட்டின. அதிகபட்சம் 582 சதவீதம்!

ஸ்மார்ட் மீட்டரில் புதிதாக என்ன?

ரீடிங் தானாகப் போய்ச் சேரும். கணக்கீட்டாளர் வர வேண்டியதில்லை; மாதாந்திரக் கணக்கீடும் எளிதாகும். அதே தொடர்பு வழியாக, அலுவலகத்தில் இருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் முடியும்.

சிக்கலும் அங்கேதான். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் இணைப்புகளில் ஒரே நேரத்தில் கரன்ட் போனது. கம்பி அறுந்ததால் அல்ல, மீட்டர்களுக்குத் தவறாகப் போன துண்டிப்பு உத்தரவால். பழைய மீட்டர் கெட்டால் ஒரு வீட்டுக் கணக்குதான் கெடும். மையக் கட்டுப்பாட்டில் பிழையோ ஊடுருவலோ நடந்தால் ஊரே இருண்டுவிடும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்?

1,000 வாட் ஹீட்டர் மட்டும் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஏற வேண்டும். கூடுதலாகக் காட்டினால் மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். எழுத்துபூர்வமாகவும் புகார் கொடுங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் வந்த திருத்தத்தின்படி, புகார் வந்த 5 நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் பொருத்தி, குறைந்தது 3 மாதம் பயன்பாட்டைச் சரிபார்க்க வேண்டும்.

சக்கரம் போய்விட்டதால், அது சுற்றுவதைக் கண்ணால் பார்க்கும் வசதியும் போய்விட்டது. சந்தேகம் வந்தால் நமக்குத் துணையாக இந்த விதி இருக்கிறது.