ஆலமரத்தடிக்கு வாருங்கள்: மலாக்காவில் விக்கிப்பீடியா சந்திப்பு

விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தாத மாணவர் நம்மில் இல்லை எனலாம். அதில் எழுதுபவர் யார் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவைத் தன்னார்வலர்களே வளர்த்து வருகிறார்கள். தொடக்க காலத்தில் அதற்கு உருக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை 100,000-ஐ எட்டியது.

இத்தன்னார்வலர்கள் இணையத்தில் கலந்துரையாடும் பக்கத்திற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். ஆயினும், நேரில் கூடுவதற்கு ஈடு இல்லை. 2013-இல் சென்னையில் பத்தாம் ஆண்டு நிறைவைக் கூடியே கொண்டாடினர். தமிழகத்திலும் இலங்கையிலும் பயிற்சிப் பட்டறைகள் பல நடந்துள்ளன. நம் நாட்டில் எழுத்தாளர் மலாக்கா முத்துகிருஷ்ணன் மலேசியா குறித்துப் பல கட்டுரைகளை எழுதியுள்ளார். ஆனால் ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஒருவர் இழுத்தால் போதுமா?

மலாக்கா 2008-இல் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தைச் சுற்றுலாப் பயணிகள் அறிவார்கள். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதையும் வரலாறு குறித்து வைத்துள்ளது. அந்த மரங்களைச் சீவிய நம்மவர்களின் கதை எங்கே? நான் ஜாசின் வட்டாரத்தில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். என் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் இல்லை, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அந்தத் தோட்டத்தின் பெயரை இணையத்தில் தேடியபோது நிலம் விற்கும் விளம்பரம்தான் எனக்குக் கிடைத்தது.

சந்திப்பை நடத்தப் பெரிய மண்டபமோ, மாலை மரியாதையோ தேவையில்லை. பத்துப் பேர், நான்கைந்து மடிக்கணினிகள், இணைய வசதி, ஒரு கோவில் மண்டபம் அல்லது பள்ளியின் கணினி அறை போதும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம். பயனர் கணக்கை வீட்டிலேயே தொடங்கி வருவது நல்லது. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் பொதுவாகத் தொடங்க முடியாது. தமிழில் தட்டச்சு செய்ய நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் கைகொடுக்கும். புதியவர்கள் 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம். மூத்தவர் ஒருவரையும் மாணவர் ஒருவரையும் இணைத்து அமர்த்துங்கள். ஒருவருக்குத் தோட்டம் தெரியும். மற்றவருக்குக் கணினி தெரியும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. விக்கிப்பீடியாவில் எழுதுவதற்குச் சான்று வேண்டும். பாட்டி சொன்னதை அப்படியே எழுத முடியாது. வெளியிடப்பட்ட நம்பகமான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். ஆகவே, சந்திப்புக்கு வருபவர்களிடம் வீட்டிலுள்ள பள்ளி ஆண்டு மலர், ஆலயக் குடமுழுக்கு மலர், 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் நறுக்குகள் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லா மலரும் சான்றாகிவிடாது. எனினும் தேடலுக்கு வழிகாட்டும். அவற்றிலுள்ள வரிகளைப் படியெடுக்கக் கூடாது. செய்தியை மட்டும் எடுத்துச் சொந்த நடையில் எழுத வேண்டும். படங்களும் நாமே எடுத்தவையாக இருப்பது நலம்.

அச்சில் எதுவுமே இல்லாவிட்டால்? முதலில் அச்சேற்றுவோம். பெரியவர்களைக் கண்டு பேசி, விவரங்களைச் சரிபார்த்து, நாளிதழிலோ இதுபோன்ற ஆண்டிதழிலோ கட்டுரையாக வெளியிடுவோம். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல்களும் இதழ்களும் தேசிய நூலகத்திற்கு அனுப்பப்பட வேண்டும். அப்படி அனுப்பினால் எவரும் எடுத்துப் பார்க்கலாம். ஆசிரியர் குழு சரிபார்த்த கட்டுரையைப் பின்னர் வேறொருவர் மேற்கோள் காட்டலாம்.

முன்னாள் மாணவர்களே, உங்கள் அலமாரியில் உறங்கும் மலர்களைத் தூசு தட்டுங்கள். தோட்டத்தில் பிறந்த தலைமுறை நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம். நாளை கேட்கலாம் என்றால், பதில் சொல்ல ஆளிருக்காது.