வீட்டு ஜெபமே முதல் ஞாயிறு பள்ளி

மும்பை தாராவியின் தமிழ் ஆலயங்களில் ஞாயிறுதோறும் சிறுவர் சிறுமியர் மனப்பாட வசனம் ஒப்புவிக்கிறார்கள். சிலர் கையிலுள்ள தாளில் தமிழ் வசனம் ஆங்கில எழுத்தில் இருக்கும். வெளியூர்ப் பள்ளியில் படிக்கும் அவர்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

வேதாகமத்தை வாசிக்காத பிள்ளை விசுவாசத்தில் எப்படி வளரும்? பெற்றோரின் கவலை இதுதான்.

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி வெளிவந்தது. மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் அவர் தமிழில் தந்தார். 1529-ல் லூத்தர் அதை எழுதியது குருமாருக்காக மட்டுமல்ல. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கவும்தான்.

ஞாயிறு பள்ளி வாரத்தில் சிறிது நேரமே. மற்ற நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் வளர்கிறது.

ஷிப்டு வேலை பார்க்கும் தகப்பனுக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். பத்து நிமிடம் போதும். பாயை விரித்து ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம். பிள்ளை ஒரு வசனத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். தவறினால் தாய் திருத்தட்டும். பொருளை அது இந்தியில் சொன்னாலும் தடுக்க வேண்டாம்.

பொய் சொல்லாதே என்று வாசித்துவிட்டு, கடன்காரர் கதவைத் தட்டும்போது, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" எனப் பிள்ளையை அனுப்பினால், அன்றைய பாடம் வாசலிலேயே அழிந்துவிடும்.