டுரியான் மரத்தில் இரவுப் படப்பிடிப்பு!

டுரியான் பூக்கும் பருவத்தில் விடியற்காலையில் மரத்தடியைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வெள்ளையாக இதழ்களும் மகரந்த இழைகளும் பாய் விரித்தாற்போல் கொட்டிக் கிடக்கும். முதல் நாள் இரவு மரத்தின் உச்சியில் சடசடவென்று இறக்கைச் சத்தம் வேறு கேட்டிருக்கும். "பாழாய்ப்போன கெலுவாங்! பூவையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. இந்த வருஷம் பழத்துக்கு எங்கே போவது?" என்று மரத்துக்குச் சொந்தக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். இந்தக் கோபத்தில் உயிரை விட்ட பெரிய வௌவால்கள் எத்தனையோ!

குற்றம் சாட்டியாயிற்று. கண்ணால் கண்ட சாட்சி உண்டா? டுரியானோ ஓங்கி வளர்ந்த மரம். பூ மலர்வதோ பொழுது சாயும் நேரத்தில். விளக்கைப் பிடித்துக்கொண்டு போனால் வௌவால் நமக்காகக் காத்திருக்குமா?

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தியோமான் தீவில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கேமராக்களை மரத்தின் மேலேயே கட்டிவிட்டு இறங்கிவிட்டார்கள்! பூத்திருந்த நான்கு மரங்களில், தாழ்ந்த கிளையிலிருந்து உயர்ந்த கிளைவரை, மொத்தம் 19 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கருவிகள். ஒன்று நிழற்படம் எடுக்க, மற்றொன்று ஓடும் படம் பிடிக்க. இவற்றை இயக்க ஆள் வேண்டியதில்லை. உடற்சூடுள்ள பிராணி ஏதாவது எதிரே அசைந்தால் போதும், கருவி தானாகவே விழித்துக்கொள்ளும். அது பாய்ச்சுகிற அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. வந்த விருந்தாளி தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று அறியாமலே விருந்துண்டு போகும்.

படங்களைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பூக்களைத் தேடிக் குறைந்தது ஒன்பது வகைப் பிராணிகள் வந்துபோனது தெரிந்தது. ஆனால், அவற்றுள் பூவுக்கும் நன்மை செய்து தானும் பயன் பெற்றவை வௌவால்கள் மட்டுமே!

கெலுவாங் பூவைத் தின்னவில்லை. மூக்கைப் பூவுக்குள் விட்டுத் தேனை நக்குகிறது, அவ்வளவுதான். நக்கும்போது முகத்து மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவுக்குப் போகும்போது அதுவும் கூடவே போகிறது. பிஞ்சாக வேண்டிய பாகம் காம்பில் பத்திரமாக இருக்கிறது. காலையில் கீழே கிடப்பவை, வேலை முடிந்ததும் மரமே உதிர்த்துவிட்டவை. பாவம், பழி மட்டும் வௌவாலுக்கு!

இன்னொரு விந்தையையும் கேமரா காட்டிற்று. நம் பத்துமலைக் குகையிலும் வாழ்கிற சின்னத் தேன் வௌவால் டுரியான் பூவை நாடுவது முன்பே தெரிந்த செய்திதான். தியோமானிலோ சின்னது தாழ்ந்த கிளைகளிலும், பெரிய கெலுவாங் உயர்ந்த கிளைகளிலுமாக மரத்தையே பங்கு போட்டுக்கொண்டிருந்தன! கெலுவாங் வந்துபோனதால் முற்றிய காய்கள் கூடுதலாகப் பிடித்தன என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். கம்பத்து ஓரங்களில் தாமாக வளர்ந்து நிற்கும் உயரமான மரங்களுக்குக் கெலுவாங்கின் உதவி மிகவும் தேவைப்படலாம் என்பது அவர்கள் கருத்து.

ஜொகூரில் உள்ள குளுவாங் பட்டணத்துக்கு இந்தப் பிராணியால்தான் அந்தப் பெயர் வந்தது. ஊருக்கே பெயர் தரும் அளவுக்குக் கூட்டம் கூட்டமாகப் பறந்த காலம் அது. இழுப்பு நோய்க்கு நல்லது என்று நம்பி அதன் கறியைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெண் கெலுவாங் வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும்.