அறுபதும் ஐந்தும்

1956 நவம்பர் 1 அன்று மலையாள நாடு ஒரே ராஜ்யமாக உருப்பெற்று, மறுவருஷம் நடந்த முதற் பொதுத்தேர்தலின் பயனாகத் திருவனந்தபுரத்தில் கூடிய சட்டசபையின் கட்சிநிலை, ஜனநாயகக் கணக்கைக் கற்க விரும்பும் எவரும் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் 126 பேர். ஆங்கிலோ இந்தியப் பிரதிநிதியாக நியமனம் பெற்றவர் ஒருவர். கம்யூனிஸ்டுகள் 60, காங்கிரஸார் 43, பிரஜா சோஷலிஸ்டுகள் 9, சுயேச்சைகள் 14.

மொத்த வாக்குகளில் காங்கிரஸே முந்தியிருந்தும், ஸ்தானங்களில் பின்தங்கிற்று என்பது வியப்பன்று. தொகுதிதோறும் முதல்வருபவரே வெல்லும் முறையில், வாக்குகளின் தொகையைவிட அவை எங்கே திரண்டன என்பதே பலனை நிர்ணயிக்கும்.

ஆயினும் 60 பெரும்பான்மையாகாது. கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு ஜயித்த ஐந்து சுயேச்சைகள் சேர்ந்த பின்னரே 65 ஆயிற்று. ஏப்ரல் 5-ஆம் தேதி ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதன்மந்திரியாகப் பதவியேற்றார். அந்தச் சுயேச்சைகளை வெறும் எண்ணிக்கைக்கு உதவியவர்களாகக் கருதுவது பெருந்தவறென்பேன். கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி, சுகாதார மந்திரி டாக்டர் ஏ.ஆர். மேனன், சட்ட மந்திரியாயிருந்து பிற்காலத்தில் உச்சநீதிமன்ற நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆகிய மூவரும் அவ்வணியினரே. பெரும் கிளர்ச்சிக்குக் காரணமான கல்வி மசோதாவைச் சபையில் கொணர்ந்தவரும் முண்டசேரியே. 1959 ஜூலை 31 அன்று, சபையில் பெரும்பான்மை குலையாதிருந்தபோதே, மத்திய சர்க்காரின் ஆலோசனைப்படி ராஷ்டிரபதி அம்மந்திரிசபையை நீக்கினார்.