சூப்பர் கார் பம்பர்ல கார்பன் கவர்: விலைச்சீட்டுல இல்லாத செலவு

கார் லோன் வீடியோ போட்டதுக்கு அப்புறம், இங்கிலாந்துல இருந்து நம்ம சேனலைப் பார்க்கறவங்க சிலர் ஒரே மாதிரி கேள்வி கேட்டிருந்தாங்க. "பழைய சூப்பர் கார் ஒண்ணு வாங்கினா, வெளி மார்க்கெட்ல கிடைக்கிற கார்பன் ஃபைபர் பாகங்கள் மாட்டலாமா? அதுல போடற காசு விற்கும்போது திரும்ப வருமா?"

மொத்த பாடி கிட்டையும் பேசினா இந்தக் கட்டுரை முடியாது. அதனால ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்குவோம்: பின்பக்க பம்பர்ல இருக்கற காற்றுத் திறப்புகளுக்கு மேல மாட்டற கார்பன் கவர். காரும் ஒண்ணே ஒண்ணு, மெக்லாரன் 720எஸ். 2017-ல வந்தப்போ இங்கிலாந்துல ஆரம்ப விலை 2,08,600 பவுண்டு. அந்த முதல் வருஷத்துக் கார்கள் இப்போ கிட்டத்தட்ட பாதி விலைக்கு வந்தாச்சு. அதனாலதான் நல்ல சம்பளத்துல இருக்கற ஆளுங்களுக்கும் "எட்டிப் பிடிக்கலாமோ"ன்னு ஆசை வருது.

முதல்ல அந்தத் திறப்பு எதுக்கு இருக்குன்னு பார்த்துடுவோம். இந்தக் காருக்கு இன்ஜின் முன்னாடி இல்ல, டிரைவர் முதுகுக்குப் பின்னாடி. 4 லிட்டர், ரெண்டு டர்போ, எட்டு சிலிண்டர், 720 குதிரைத்திறன். அவ்வளவு சூடும் எங்கயாவது வெளிய போகணும் இல்லையா? அதான் 720எஸ்-ஓட பின்பக்கம் நிறைய இடத்துல வலைதான் இருக்கும். அழகுக்கு வெச்ச ஓட்டை இல்ல, மூச்சு விடற இடம்.

இப்போ விளம்பரத்துல சொல்ற முதல் காரணம்: "வெயிட் குறையும்." கார்பன் ஃபைபர்னாலே மெக்லாரன் பேரு வரும், அது நியாயம்தான். 1981-ல எம்பி4/1 காரோட, ஃபார்முலா 1-ல கார்பன் ஃபைபர் உடற்கூட்டை முதல்ல கொண்டுவந்தது அவங்கதான். ஜான் பர்னார்டு வடிவமைச்சது. அந்த வருஷம் மோன்ஸாவுல ஜான் வாட்சன் பயங்கரமா மோதி, கார் ரெண்டா பிரிஞ்சும், ஆள் இறங்கி நடந்து வந்தார். 720எஸ்-லயும் டிரைவரைச் சுத்தி இருக்கற கூடு கார்பன்தான். ஆனா அது உயிரைக் காப்பாத்தற கார்பன். பம்பர் கவர்ல இருக்கறது அலங்காரக் கார்பன். ரெண்டு கவரும் சேர்ந்து கால் கிலோ குறைக்குதுன்னே வெச்சுக்குவோம். எண்ணெய், பெட்ரோல் எதுவும் இல்லாம இந்தக் காரோட எடை 1,283 கிலோ. கால் கிலோங்கறது அதுல 0.02 சதவீதம். காலையில நாம சாப்பிட்ட இட்லி அதைவிட கனம். பழைய பாகத்துக்கு மேலயே ஒட்டற டைப்னா எடை குறையாது, ஏறும்!

அப்போ காசு எதுக்குத்தான் குடுக்கறோம்? பெரும்பாலும் கைவேலைக்கு. நல்ல பாகம்னா, ரெசின் ஏற்கனவே ஊறவெச்ச கார்பன் துணியை ஃப்ரீசர்ல வெச்சிருந்து எடுத்து, அச்சுல கையால அடுக்கி, வேக்யூம் பையில போட்டு, ஆட்டோகிளேவ்ங்கற பெரிய பிரஷர் அடுப்புல 120 டிகிரிக்குப் பக்கத்துல வேகவைப்பாங்க. அடுத்த ரகம், காய்ஞ்ச துணிக்குள்ள ரெசினை வேக்யூம்ல இழுக்கறது. அதுக்கும் கீழ, பிளாஸ்டிக் பாகத்து மேல ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி போர்த்தி பளபளன்னு கோட்டிங் அடிக்கறது. கடைசி ரகம், கார்பன் மாதிரி பிரின்ட் மட்டும். ஃபோட்டோவுல நாலும் ஒண்ணாத்தான் தெரியும். அதனால விற்கறவர்கிட்ட பின்பக்க ஃபோட்டோ கேளுங்க. அங்க கறுப்பு பிளாஸ்டிக் தெரிஞ்சா அது போர்த்தினது. இடது, வலது ரெண்டு கவரையும் பக்கத்துல வெச்சா நெசவு கண்ணாடியில பார்த்த மாதிரி எதிரெதிரா ஓடணும். ரெண்டும் ஒரே பக்கம் சாய்ஞ்சிருந்தா, ஒரே துணியில வெட்டி ஒப்பேத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

இது வெறும் அழகு விஷயம் இல்ல. சாதாரண ரூம் வெப்பத்துல காய வைக்கிற எபாக்ஸி ரெசின் 60, 70 டிகிரியிலயே இளக ஆரம்பிக்கலாம். இந்தக் கவர் உட்கார்ற இடமோ இன்ஜின் சூடு வெளிய வர்ற வழி. ஒரு கோடை தாண்டினா விளிம்பு வளையும், கோட்டிங் மஞ்சளாகும். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா இன்னொரு செலவும் இருக்கு: பொருள் விலை, அனுப்பற செலவு, சுங்க வரி மூணையும் கூட்டி அதுக்கு மேல 20 சதவீதம் வாட். கூரியர்காரர் கையாளும் கட்டணம் தனி. 800 பவுண்டுன்னு போட்டிருந்த பொருள் வீட்டு வாசலுக்கு வரும்போது 1,000-ஐத் தொட்டிருக்கும்.

உண்மையான செலவு இன்சூரன்ஸ் ஃபார்ம்ல

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த 1,000 பவுண்டைப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்ல. "இதை எஸ்ஐபி போட்டிருந்தா பத்து வருஷத்துல..."ன்னு கணக்கு காட்டப் போறதும் இல்ல. சூப்பர் கார் வாங்கறவர்கிட்ட அந்தப் பேச்சு எடுபடாது. என் கவலை, பாலிசி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் வர்ற ஒரு கேள்வி: "காரில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா?"

"இது சும்மா கவர்தானே"ன்னு "இல்லை"ல டிக் பண்ணிடறாங்க. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனிகள் மாற்றம்னு கேட்கறப்போ இன்ஜினை மட்டும் கேட்கறதில்ல. பாடியில மாட்டற அழகுப் பாகங்களும் பெரும்பாலும் அந்தப் பட்டியல்ல வரும்.

இங்கிலாந்துல இதுக்குன்னே 2012-ல ஒரு சட்டம் வந்து, 2013 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. தனிநபர் பாலிசிக்கு, கேட்ட கேள்விக்குத் தவறான பதில் குடுத்தா என்ன ஆகும்னு அதுல தெளிவா இருக்கு. தெரிஞ்சே பொய் சொன்னீங்கன்னு கம்பெனி நிரூபிச்சா, பாலிசியையே ரத்து பண்ணலாம், கிளெய்ம் கிடையாது, கட்டின பிரீமியமும் பொதுவா திரும்ப வராது. கவனக்குறைவுன்னா வேற கணக்கு. உண்மை தெரிஞ்சிருந்தா அவங்க எவ்வளவு பிரீமியம் கேட்டிருப்பாங்களோ, அதுல நீங்க கட்டினது எத்தனை பங்கோ, கிளெய்ம்லயும் அத்தனை பங்குதான்.

ஒரு உதாரணம் போடுவோம். இது புரிஞ்சுக்கறதுக்காக நானா எடுத்த எண்கள். காரோட இன்றைய மதிப்பு 1,20,000 பவுண்டு. நீங்க கட்டின பிரீமியம் 3,000. வென்ட் கவரைச் சொல்லியிருந்தா 60 பவுண்டு கூடுதலா கேட்டிருப்பாங்க, அதாவது 3,060. கார் முழுசா போச்சுன்னா உங்களுக்குக் கிடைக்கறது 1,20,000-ஐ 3,060-ஆல வகுத்து 3,000-ஆல பெருக்கினது: சுமார் 1,17,647. அதாவது 60 பவுண்டு மிச்சம் பிடிச்சதுக்கு 2,353 பவுண்டு நஷ்டம். கவரோட விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல.

ஆனா யாரும் வென்ட் கவரோட நிறுத்தறதில்ல, அதுதான் பிரச்சினை. அடுத்து எக்ஸாஸ்ட், அடுத்து வீல், அடுத்து ஈசியு ட்யூனிங். எல்லாத்தையும் சொல்லியிருந்தா பிரீமியம் 3,600 ஆகியிருக்கும்னு வைங்க. இப்போ கைக்கு வர்றது சரியா 1,00,000. இருபதாயிரம் பவுண்டு காணாம போச்சு. இதுவும் "இப்படி மாத்தின காருக்கு நாங்க பாலிசியே குடுத்திருக்க மாட்டோம்"னு கம்பெனி காட்ட முடியலைன்னாத்தான். காட்டிட்டாங்கன்னா, கட்டின பிரீமியத்தைத் திருப்பிக் குடுத்துட்டு கிளெய்மை முழுசா மறுக்கலாம்.

நேர்மையா சொல்லணும்னா, கவர் மட்டும்னா சில கம்பெனி ஒரு பைசாகூட ஏத்தாது. அப்போ போன் போட்டு சொல்றதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. கையோட இன்னொண்ணும் கேளுங்க: இடிச்சா மாட்டின கார்பன் பாகத்துக்கே காசு தருவாங்களா, இல்ல கம்பெனி ஒரிஜினல் பாகத்துக்கு மட்டும்தானா?

நம்ம ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவுல ஐடிவி போடறது கார் கம்பெனி விலையை வெச்சு. வெளியில மாட்டின ஆக்சஸரி அதுல தானா சேராது, ஃபார்ம்ல தனியா மதிப்பு காட்டணும். ஸ்விஃப்ட்டா இருந்தாலும் அதே கதைதான்.

கார் யாரோடது?

பிசிபி-ல கார் எடுத்தவங்க இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. கீழ கொஞ்சம் டெபாசிட், மாசாமாசம் தவணை, கடைசியில பெரிய தொகை ஒண்ணு கட்டி கார் எடுத்துக்கலாம், இல்ல திருப்பி விட்டுடலாம். அந்தக் கடைசித் தொகை கட்டற வரைக்கும் கார் ஃபைனான்ஸ் கம்பெனியோடது. வி5சி-ல உங்க பேர் இருக்கேன்னு கேட்பீங்க. அதுல இருக்கறது "பதிவு செய்த பராமரிப்பாளர்"ங்கற பேர்தான், அது உரிமைக்குச் சான்று இல்லைன்னு அந்தத் தாள்லயே அச்சடிச்சிருக்கு. அனுமதி கேட்காம பம்பர்ல ஓட்டை போட்டு கவர் மாட்டினீங்கன்னா, வாடகை வீட்டுச் சுவரை இடிச்ச மாதிரிதான். திருப்பி விடும்போது பம்பர் செலவு உங்க தலையில.

விற்கும்போது? வாங்க வர்றவர் முதல்ல கேட்கறது "ஒரிஜினல் பாகம் இருக்கா?" ஃபேக்டரியிலயே மெக்லாரனோட எம்எஸ்ஓ பிரிவுல ஆர்டர் பண்ணின கார்பன்னா அது காரோட ஆவணத்துல இருக்கும், விலையில முழுசா இல்லைன்னாலும் கொஞ்சம் பேசும். வெளியில மாட்டினதுக்கு அந்தப் பேச்சே இல்ல, சில டீலர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். இங்கிலாந்துல கார் வித்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. கேட்க நல்லா இருக்கு, ஆனா நஷ்டத்தையும் எங்கயும் கழிச்சுக்க முடியாது.

என் முடிவு இதுதான். கார் உங்க சொந்தக் காசுல வாங்கினது, கவர் ஒரிஜினல் ஸ்க்ரூ இடத்துலயே மாட்டற டைப், இன்சூரன்ஸ்ல சொல்லியாச்சு. அப்போ தாராளமா வாங்குங்க, ஆனா சினிமா டிக்கெட், டூர் எழுதற செலவுக் கணக்குல எழுதுங்க, சொத்துக் கணக்குல வேண்டாம். பிசிபி-ல இருந்தா விட்டுடுங்க. திறப்பையே மூடற மாதிரி டேப் போட்டு ஒட்டற கவர் மட்டும் யாருக்கும் வேண்டாம். சூடு அடைச்சு ஏதாவது போச்சுன்னா வாரன்டிக்காரர் முதல்ல கை நீட்டறது அந்தக் கவரைத்தான்.

கழட்டின ஒரிஜினலை துணியில சுத்தி, பார்ட் நம்பர் தெரியற மாதிரி ஃபோட்டோ எடுத்து பரண்ல வெச்சிடுங்க. விற்கற அன்னைக்கு அதைத் திரும்ப மாட்டிட்டு, கார்பன் கவரை அதே மாடல் வெச்சிருக்கறவருக்குத் தனியா வித்தீங்கன்னா காரோட சேர்த்துத் தர்றதைவிட கொஞ்சம் காசு கையில நிக்கும். பிசிபி-ல கடைசித் தொகையை எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு அடுத்த வீடியோவுல போர்டுல எழுதியே காட்டறேன்.