குளத்தடியில் காணும் வட்டக் குழிகள்

சிறுபோகத்தில் குளத்து நீர் வற்றுங்கால், கரையோரச் சேற்றில் தட்டுப் போன்ற வட்டக் குழிகள் தென்படுவதைத் துணுக்காய்க் கமக்காரர் கண்டிருப்பர். இவை திலாப்பியா ஆண் மீன்கள் வாயால் மண் அள்ளி அமைத்தவை.

ஆபிரிக்காவுக்குரிய இம்மீன் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. வவுனிக்குளம் முதலிய வன்னிக் குளங்களிலும் இது வாழ்கின்றது.

இனம்பெருக்குங் காலத்தில் ஆண் மீன் கறுத்துத் தொண்டை வெளுக்கும். பிற ஆண் நெருங்கின் வாயோடு வாய் கவ்விப் பொருதும். பெரும்பாலும் உடல் பெருத்ததே வெல்லும். குழி பெறாத சிற்றாண் பெண்ணின் நிறங்கொண்டு நுழைந்து, முட்டையிடும் வேளையில் தன் விந்தைக் கலந்துவிடும். பெண் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறத்தாழ மூன்று வாரம் வாயில் வைத்துக் காக்கும். அக்காலத்தில் இரை கொள்ளுதல் மிகக் குறைவு. ஆகவே பெண்ணின் வளர்ச்சி குன்றும்; ஆண் விரைந்து பருக்கும்.

வீட்டுக் குட்டையில் இருபாலும் நெருங்கி வளரின், விரலளவு மீன்களே இனம்பெருக்கத் தொடங்கும். குட்டை குஞ்சுகளால் நிரம்பும். கறிக்கேற்ற மீன் கிடையாது. ஆதலின் கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. குட்டையில் ஆண்களையே வளர்த்தல் நன்று. மலவாயின் பின் ஆணுக்கு ஒரு துளையும் பெண்ணுக்கு இரு துளைகளும் உண்டு. கையளவு மீனைப் புரட்டிப் பார்த்துப் பிரிக்கலாம்.

2. ஒரு பெண் தப்பி நுழையினும் குஞ்சு பெருகும். குஞ்சுகள் காணின் வலையிட்டு வடித்தெடுக்க.

3. பொதுக்குளத்தில் சிறுகண் வலையைத் தவிர்க்க. இளமீன் அழியின் அடுத்த ஆண்டின் கறியும் அழியும்.